துவர்ப்பு மட்டும் தெரிகிறது

இயேசு மரி சூசை

ஞானஒளிவுபுரம், மதுரை
9.6.2024

அன்பு மகன் பெனடிக்டுக்கு அம்மா பிலோமினாள் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்துல நானும் உன் மகள் பெர்சியும் இங்கே நடமாடிக்கிட்டு இருக்கோம். போன மாசம் உனக்கு வந்த காய்ச்சல் முழுசா விட்டுருச்சா? மருமக சகாயம் செத்துப்போனதுல இருந்து ஒத்தையாளாக் கெடக்குறே. அந்த மலைக் குளிர்ல கஞ்சி வச்சுக் குடுக்கக்கூட நாதியில்ல.

போனை நினைச்சாலே எரிச்சல் வருது. நீ வாங்கித் தந்த காது மிஷினு குயில் மாதிரி கூவுது, பேச்சு மட்டும் கேக்கல. பெர்சி நடுவுல நின்னு நீ சொல்றதை எனக்குக் கத்தி, நான் சொல்றதை உனக்குக் கத்தி, தாயும் பிள்ளையும் கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. அஞ்சாப்பு வரைக்கும் படிச்ச எழுத்து என்கிட்ட இருக்கு. அதுக்குக் காது வேண்டியதில்ல.

பருப்புப்பொடி இடிச்சு ரெண்டு டப்பாவுல போட்டேன். ஒண்ணு உனக்கு அனுப்பியிருக்கேன். ஒண்ணு இங்க.

நீ அனுப்பின தேயிலையப் போட்டுக் குடிச்சேன். போன தை மாசத்துத் தூள் மாதிரி இல்லியே, ஏன்? எதிர்வீட்டுச் சூடாமணிக்கும் ஒரு கிளாஸ் குடுத்தேன். நீதான் கோத்தகிரி பேக்டரியில தூளுக்கு ருசி பாக்குறவன், நீ சரின்னு சொன்னாத்தான் லாரி கிளம்பும்னு சொன்னேன். அதுக்கு அவ, "உறிஞ்சித் துப்புறதுக்குச் சம்பளமாக்கா? எங்க வீட்டுக்காரரு துப்புனா நான் அடிக்கிறேன்"ங்கிறா. வயித்தெரிச்சல் புடிச்ச சிறுக்கி. சிரிச்சுட்டேன்.

உடம்பைப் பாத்துக்கய்யா.

அம்மா


கோத்தகிரி
2.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

காய்ச்சல் விட்டு நாளாச்சு. சளி மட்டும் கொஞ்சம் இழுத்துச்சு, அதுவும் சரியாப் போச்சு. உன் முட்டிவலி எப்படி இருக்கு? பெர்சி பன்னிரண்டாம் வகுப்புன்னு பொறுப்பாப் படிக்கிறாளா?

பொடி வந்து சேர்ந்தது. உன் கைப்பக்குவம் மாறவே இல்லம்மா. தினமும் சுடுசோத்துல நல்லெண்ணெய் விட்டு அதுதான். டப்பா காலி.

தூளைப் பத்திக் கேட்டியே. செடி அதே செடிதான், காலம் வேற. இப்ப மழை விட்டு விட்டுப் பெய்யுது, செடி மடமடன்னு தளிர்க்குது. பறிச்ச இடத்துல அடுத்த வாரமே கொழுந்து நிக்கும். அவசரமா வளர்ந்த இலையில மணத்துக்கான சத்து ஊற நேரம் இருக்காது. சாயம் இறங்கும், மணம் தண்ணியா இருக்கும். தை மாசத்துல குளிருக்குச் செடி ஒடுங்கி மெல்ல வளரும். சின்ன இலைதான், ஆனா அதுக்குள்ள எல்லாம் சேர்ந்து நிக்கும். நீ அப்பக் குடிச்சது அதை. உன் நாக்கைப் பத்தி என்ன சொல்ல, உனக்கும் இங்க ஒரு வேலை போட்டுத் தரலாம்.

பெனடிக்ட்


இயேசு மரி சூசை

மதுரை
8.7.2024

அன்பு மகனுக்கு,

நாங்க இங்க இருக்கோம். சுகத்தைப் பத்தி அப்புறம் எழுதுறேன். முதல்ல இதைப் படி.

உன் கடுதாசி வந்த அன்னைக்குத்தான் நம்ம வீட்டு டப்பாவத் திறந்தேன். பெர்சி ஒரு வாய் வச்சவ வாசலுக்கு ஓடித் துப்புறா. "அப்பத்தா, பீரோவைத் தின்ன மாதிரி இருக்கு"ங்கிறா. மோந்து பாத்தேன். பாச்சை உருண்டை! அந்த ரெண்டு டப்பாவும் டிரங்குப் பெட்டிக்குள்ள துணியோட கிடந்ததுய்யா. கழுவினேன், வெயில்ல காயவச்சேன், போயிருச்சுன்னு நினைச்சேன். இடிக்கிற அன்னைக்கு எனக்குச் சளி, அதனால தெரியல. அம்புட்டையும் குப்பையில கொட்டியாச்சு.

அந்தப் பொடியவா நீ தினமும் தின்னே? கைப்பக்குவம்னு எழுதினே? டப்பா காலின்னு எழுதினே?

வயித்துக்கு ஒண்ணும் செய்யலியே? உடனே எழுது.

அம்மா


கோத்தகிரி
25.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உடனே எழுத முடியல, வேலை மூச்சு முட்டுது. என் வயித்துக்கு ஒண்ணும் ஆகல. நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத. பசிச்சவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

இங்க புதுசா ஒரு தோட்டத்து இலை வருது. நடுவுல சில்வர் ஓக் மரம் அடர்ந்து நிக்கிற சரிவு. நிழல்ல நிக்கிற செடியில தியானின்னு ஒரு சத்து அப்படியே தங்கும், நாக்குல லேசா இனிக்கிற மாதிரி இருக்கும். வெயில் சுள்ளுன்னு பட்டா அது துவர்ப்பாத் திரிஞ்சிரும். ஒரே செடியை ரெண்டாப் பிரிச்சு ஒண்ணை நிழல்ல, ஒண்ணை வெயில்ல வச்சாலும் ரெண்டு ருசி வரும். இதைக் காலேஜுல கெமிஸ்ட்ரி படிக்கும்போது எனக்கு யாரும் சொல்லல. இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்.

பெர்சிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வச்சிருக்கேன். மதுரையில எதுக்குன்னு கேப்பா. இங்க வரும்போது போடச் சொல்லு.

பெனடிக்ட்


இயேசு மரி சூசை

மதுரை
1.9.2024

மகன் பெனடிக்டுக்கு,

மாதா நம்ம எல்லாரையும் காப்பாத்தட்டும். எனக்கு முட்டி வீங்கியிருக்கு, அது கெடக்கட்டும். பெர்சி காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறா.

நான் கேட்டது பொடியப் பத்தி. நீ எழுதுறது மரத்து நிழலப் பத்தி.

ஆறு வயசுல நீ பால் டம்ளரைக் கீழ வச்சுட்டு, "இது வேற மாட்டுப் பாலு"ன்ன. பால்காரன் சோணைமுத்து திகைச்சுப்போயி, ஆமா தாயி, சிவப்பு மாடு வத்திப்போச்சுன்னு ஒத்துக்கிட்டான். அடுப்படியில நான் ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்தா நீ தெருவுல இருந்து கத்துவே. அந்தப் புள்ள பாச்சை உருண்டையத் தின்னுட்டு நல்லாருக்குன்னு எழுதுது. உன்னைப் பெத்தவகிட்ட ஓக் மரம் காட்டாத.

உனக்கு மணம் தெரியுதா, இல்லையா? ரெண்டுல ஒரு வார்த்தை எழுது. வேற ஒண்ணும் எழுத வேணாம்.

அம்மா


கோத்தகிரி
6.10.2024

அம்மா,

இல்லை.

மே மாசம் காய்ச்சல் விட்ட அன்னைக்குப் பல்லு விளக்கினேன், பேஸ்ட்டுல மணம் இல்ல. சளின்னு இருந்துட்டேன். சளி போச்சு, மணம் வரல. கோயமுத்தூர்ல மூக்கு டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன். காய்ச்சல் கிருமி மூக்கு நரம்பைத் தின்னிருக்கு, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாதுன்னாரு. எலுமிச்சை, கிராம்பு எல்லாம் தினம் மோந்து பாக்கச் சொன்னாரு. பாக்குறேன்.

நாக்கு செத்துப்போகல. துவர்ப்பு தெரியுது, கசப்பு தெரியுது, உப்பு, இனிப்பு தெரியுது. ஆனா தேயிலையில பாதி மூக்குக்குத்தான்.

இங்க யாருக்கும் தெரியாது. எப்படிச் சமாளிக்கிறேன்னு உனக்கு மட்டும் சொல்றேன். காலையில இலை வந்து இறங்குற கொட்டகைக்குப் போறேன். எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, மழை எப்பப் பெஞ்சது, கடைசியா எப்பப் பறிச்சாங்கன்னு விசாரிக்கிறேன். இலையக் கையில எடுத்துத் தண்டை மடக்கிப் பாக்குறேன். பட்டுன்னு ஒடிஞ்சா இளசு, ஒடியாம வளைஞ்சு நாரு தெரிஞ்சா முத்தல். மொட்டுலயும் அதை ஒட்டின ரெண்டு இலையிலயும் கஃபீன் கூட, சுறுசுறுப்பான ருசி வரும். மூணாவது, நாலாவது இலை கலந்திருந்தா சப்புன்னு இருக்கும், மண்ணுல இருக்குற ஃபுளோரைடு எல்லாம் அந்தக் கிழட்டு இலையிலதான் போய்ச் சேரும். இதெல்லாம் மனசுல போட்டுக்கிட்டுச் சாயங்காலம் கப்புக்கு முன்னால நிக்கிறேன். எல்லாரையும் மாதிரி உறிஞ்சுறேன், துப்புறேன். இந்த இலைக்கு என்ன மணம் வரணுமோ அதைச் சொல்றேன். இது வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பல. பக்கத்துல அருண்பாண்டின்னு ஒரு பையன் எனக்கு உதவியா நிக்கிறான். அவன் புருவத்தையும் ஒரு கண்ணால பாத்துக்கிறேன்.

மேனேஜர்கிட்ட சொல்லிரலாமான்னு தோணுது. நீ என்ன சொல்றே?

பெனடிக்ட்


இயேசு மரி சூசை

மதுரை
13.10.2024

என் அய்யாவுக்கு,

உன் கடுதாசியப் படிச்சுட்டுக் கோயில்ல போயி உக்காந்தேன். பூசை முடிஞ்சு கதவடைக்க வந்தவன் எழுப்பினான்.

சொல்லாத. இப்பச் சொல்லாத. பெர்சி பரீட்சை எழுதி ஒரு காலேஜுல சேர்ற வரைக்கும் வாயத் திறக்காத. ஊரு என்னமும் பேசும்னு மட்டும் நினைச்சுச் சொல்லல, அதையும் நினைச்சுத்தான் சொல்றேன். இந்தத் தெருவுல ஆட்டோக்காரன் மகன், டைலர் மகன், கொத்தனார் மகன்னுதான் சொல்லுவாக. என் வீட்டை மட்டும் டீ டேஸ்டர் வீடும்பாக. போஸ்ட்மேனே அப்படித்தான் கேட்டுக்கிட்டு வாரான். உங்க அப்பா செத்து நான் பள்ளிக்கூடத்துல ஆயா வேலை பாத்து உன்னைப் படிக்க வச்சேன். அந்தப் பேரு எனக்குச் சும்மா வரல.

நீ படிச்ச படிப்பு இருக்கு, இலை இருக்கு, கையி இருக்கு. தப்பலேன்னு நீயே எழுதியிருக்கியே. அப்படியே ஓட்டு. மணம் வந்துரும். வேளாங்கண்ணிக்கு வெள்ளியில மூக்கு செஞ்சு போடுறேன்னு நேந்திருக்கேன்.

பெர்சிக்குத் தெரிய வேணாம். படிக்கிற புள்ள கலங்கிரும்.

அம்மா


கோத்தகிரி
15.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பெர்சி, நீ, முட்டி, எல்லாம் எப்படி? நீ சொன்னபடியே வாயத் திறக்கல. ஓடுது.

பனி இறங்கிருச்சு. விடியக்காலம் புல்லு மேல உப்புக் கொட்டின மாதிரி கெடக்கு. நான் வருசம் பூரா எதுக்குக் காத்திருப்பேனோ அந்தக் கொழுந்து இப்பத்தான் வருது. ராத்திரிக் குளிரு, பகல்ல காஞ்ச வெயிலு, மழை இல்ல. செடி வளர்றதை நிறுத்திட்டு உள்ளுக்குள்ள மணத்தைச் சேக்கும். கப்பை ஊத்தினதும் அருண்பாண்டி கண்ண மூடிக்கிட்டு, "அண்ணே, ரோசாப்பூக் கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குண்ணே"ன்னான். நானும் கப்புல முகத்தை வச்சேன். மூக்கு நுனியில சூடு ஏறுச்சு. அம்புட்டுத்தான். ஆமாடான்னு சொன்னேன். அவன் என்னையே பாத்தான். ஒரு நொடி லேட்டாச் சொல்லிட்டேன் போல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சகாயத்தோட பெட்டியத் திறந்தேன். உனக்குச் சொன்னதில்ல, அப்பப்ப திறப்பேன். சேலை வெறும் சேலையா இருந்துச்சு.

கிறிஸ்துமஸுக்கு வரலம்மா. எல்லாரும் லீவு கேக்குறாங்க. அருண்பாண்டி தை பொறந்ததும் நடக்குற தங்கச்சி கல்யாண வேலைக்கு இப்பவே போறான், பொங்கல் கழிச்சுத்தான் வருவான். நான் இருந்துதான் ஆகணும்.

குளிர்காலத்துத் தூள் முதல் ஈடு இறங்கினதும் உனக்கு அனுப்புறேன்.

பெனடிக்ட்


இயேசு மரி சூசை

மதுரை
10.1.2025

அய்யா பெனடிக்டு,

அவசரம். ஸ்பீடு போஸ்ட்டுல போடுறேன்.

நீ அனுப்பின தூள் நேத்து வந்துச்சு. குளிர்காலத்துத் தூளுன்னு பெருமையாச் சொல்லி சூடாமணியக் கூப்பிட்டேன். அவ ஒரு வாய் குடிச்சுட்டு, "அக்கா, அடுப்புல எதுவும் கருகுதா?"ன்னா. நான் அவளை மொறச்சுக்கிட்டே குடிச்சேன். புகை, அய்யா. பச்ச விறகு எரிச்ச புகை வாடை. தொண்டை வரைக்கும் நிக்குது. பாலை மாத்திப் போட்டேன், பாத்திரத்தை மாத்திப் போட்டேன். தூளுதான்.

சூடாமணிகிட்ட, இது வெளிநாட்டுக்குப் போற ரகம், புகை போட்டுத்தான் செய்வாகன்னு சொல்லி அனுப்பிட்டேன். நம்புனாளா தெரியல.

இந்தத் தூளை லாரியில ஏத்திராத. ஏத்தியிருந்தா நிறுத்து. வேற யாரையாச்சும் மோந்து பாக்கச் சொல்லு.

பெர்சிகிட்ட சொல்லி இப்பவே உனக்குப் போன் போடச் சொல்லலாம்னு அவ ரூம் வாசல் வரைக்கும் போனேன். ஏன், எதுக்குன்னு கேப்பா. மாடல் எக்ஸாம் எழுதிக்கிட்டு இருக்கா. திரும்பி வந்து இதை எழுதுறேன்.

மாதா உன் பக்கத்துல நிக்கட்டும்.

அம்மா


கோத்தகிரி
9.2.2025

அம்மா,

உன் கடுதாசி வந்துச்சு. நடுவுல பொங்கல் லீவு, தபால் தேங்கிருச்சு. போஸ்ட்மேன் கையில குடுத்த அன்னைக்கு லாரி போயி நாலு நாளு ஆச்சு.

காய வைக்கிற மிஷினுக்குச் சூட்டுக் காத்து குடுக்குற அடுப்பு இருக்கு. அதோட குழாயில விரிசல் விட்டிருக்கு. விறகுப் புகை கலந்து போயி இலையில ஏறியிருக்கு. அங்கேயே நிக்கிற ஆளுகளுக்கு எப்பவும் புகைதான், வித்தியாசம் தெரியல. அதைக் கண்டுபிடிக்கத்தான் கடைசியில என்னை நிறுத்தி வச்சிருக்காங்க. இலையப் பாத்தேன், மேல்சரிவு, பனி, இளசு, எல்லாம் சரி. நல்ல மணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. இலையில இல்லாததை எப்படித் தெரிஞ்சுக்குவேன்?

சரக்கு மொத்தமும் திரும்பி வந்துச்சு. முதலாளி வந்தாரு. எல்லாரையும் நிக்க வச்சு என் முன்னால மூணு கப்பு வச்சாரு. உறிஞ்ச வேண்டாம், மோந்து மட்டும் பாத்து எது நல்ல தூளுன்னு சொல்லுன்னாரு. ஊருல இருந்து வந்திருந்த அருண்பாண்டி பின்னால நின்னு "அண்ணே, வேணாம்ணே"ன்னான். நான் சாயத்தைப் பாத்தேன். மூணாவது கப்பு தெளிவா, பொன்னு மாதிரி இருந்துச்சு. மோந்து பாத்து, கண்ண மூடி, இதுதான் மேல்சரிவுக் கொழுந்துன்னேன்.

அதுல மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருந்தாங்க.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருக்கலாம். முதலாளி என் தோளத் தொட்டு, எத்தனை மாசமாப்பான்னு மட்டும் கேட்டாரு.

குவார்ட்டர்ஸை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். மதுரைக்கு வந்து அந்தத் தெருவுல எப்படி நடக்குறதுன்னு தெரியல. பெர்சிக்கு நானே சொல்லிக்கிறேன்.

பெனடிக்ட்


இயேசு மரி சூசை

மதுரை
30.3.2025

அன்பு மகன் பெனடிக்டுக்கு,

நீ எங்க இருக்கேன்னு தெரியாம பழைய விலாசத்துக்கு ரெண்டு கடுதாசி போட்டேன். ரெண்டும் திரும்பி வந்துச்சு. இதைப் பேக்டரி விலாசத்துல அருண்பாண்டி பேருக்குப் போடுறேன். அந்தத் தம்பி உன்கிட்ட சேத்துருவான்னு நம்புறேன். நீ சாப்பிடுறியா, குளிருக்குப் போத்திக்கிறியான்னு கேக்கத்தான் ஆசை. கேட்டா எனக்கு என்ன எழுதுவேன்னும் தெரியும்.

பெர்சி பரீட்சை முடிஞ்சது. முடிஞ்ச அன்னைக்குத்தான் நீ அவகிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லியிருக்க. சொன்னதைக் கேட்டுட்டு வந்து என் முன்னால நின்னா. எனக்குக் கேக்கணும்னு கத்திக்கூடப் பேசல, உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். "ஒரு போன் அப்பத்தா. புகை வாடை அடிக்குதுப்பான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே." அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு என்கிட்ட பேசல. சோறு வச்சாத் திங்கிறா, தட்டைக் கழுவி வச்சுட்டுப் போயிர்றா.

தெருவுல சூடாமணி கேட்டா, மகனுக்கு லீவான்னு. வேலை போயிருச்சு, மூக்கு போயிருச்சு, நான்தான் மறைக்கச் சொன்னேன்னு நடுத்தெருவுல நின்னு சொல்லிட்டேன். அவ என் கையப் புடிச்சா. உதறிட்டு வந்துட்டேன். நீ நடக்க அஞ்சுற தெரு இதுதானே, இப்ப அங்க தெரியாதவுக யாரும் இல்ல. நீ வரலாம்.

நேத்துச் சாயங்காலம் உன் போன் வந்துச்சு. பெர்சி ரொம்ப நேரம் பேசினா, அழுதா. பெறகு போனை என் கையில குடுத்துட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. நீயே பேசிக்கன்னு அர்த்தம். காதுல வச்சேன். ஏதோ இரையிற சத்தம் வந்துச்சு, விட்டு விட்டு வந்துச்சு. நீ பேசினியோ, அழுதியோ, பஸ்ஸுதான் போச்சோ, எனக்குத் தெரியல அய்யா. சத்தம் ஒரு இடத்துல நின்னுச்சு. நீ ஏதோ கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருக்கேன்னு தோணுச்சு. என்னைப் பாத்து உனக்குக் கேக்குதான்னு யாராச்சும் கேட்டுருவாகளோன்னு இருந்தது, பக்கத்துல யாருமே இல்ல, ஆனாலும் இருந்தது. "சரிய்யா"ன்னேன். மறுபடி சத்தம் வந்துச்சு, நின்னுச்சு. "சரிய்யா, உன் இஷ்டப்படியே செய்யி"ன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் வரல.

கதவைத் தட்டி, உங்கப்பன் என்ன சொன்னான்னு பெர்சிகிட்ட கேட்டேன். "உன்கிட்ட சொன்னது எனக்கெப்படித் தெரியும்"னு எழுதிக் காட்டிட்டா. காலையில இருந்து திருப்பிப் போட்டா நீ எடுக்க மாட்டேங்கிறியாம்.

நீ என்னமோ கேட்டே. நான் சரின்னுட்டேன். எதுக்குச் சரின்னேன்னு ஒரு வரி எழுது.

அம்மா பிலோமினாள்